இந்த முறை நாங்கள் இல்லை

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கட வீட்டில் அம்மம்மா முதல் கேட்டது "எங்கயாம்?" என்றுதான். "கொச்சிக்கடையிலயாம்" என்று அப்பா சொன்ன பிறகுதான் அவ நெஞ்சில் கைவைத்தா. பிறகு குந்தியிருந்து அழுதா.

நாங்கள் சைவக்காரர். ஆனால் மாமாவின்ர வெளிநாட்டு அலுவல் சரிவர வேணுமென்று கொழும்பில் லொட்ஜில் கிடந்த மாதங்களில், செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினவ அம்மம்மா. யாழ்ப்பாணத்தில் கன வீடுகளில் இப்பிடி ஒரு கதை இருக்கும். எங்களுக்குக் கொழும்பு என்றால் பாராளுமன்றமும் காலிமுகத்திடலும் இல்லை. பாஸ்போட் கந்தோர், தூதரக வாசல், வெள்ளவத்தைக் கடைகள், லொட்ஜ், பொலிஸ் பதிவு, அந்தோனியார். அந்த நகரத்தை எங்கட தலைநகர் என்று நெஞ்சாரச் சொன்ன ஒருத்தரையும் நான் ஊரில் கண்டதில்லை. ஆனாலும் அண்டைக்கு அம்மம்மா அழுதா. அந்த அழுகையில் ஒரு கள்ளமும் இல்லை.

பின்னேரத்துக்கிடையில் எல்லாம் தெரிந்துவிட்டது. கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், ஷங்ரிலா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி. மத்தியானத்துக்குப் பிறகு தெஹிவளையும் தெமட்டகொடையும். கடைசிக் கணக்கில் செத்தவர்கள் 260 பேருக்கு மேல். அதில் எத்தனையோ பேர் தமிழர். சீயோனில் செத்ததில் கன பேர் சின்னப் பிள்ளைகள், ஞாயிறு பாடசாலைக்கு வந்ததுகள்.

ஊரடங்கு போட்டாச்சு, முகநூலையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் மறிச்சாச்சு. விடுப்புக் கேட்க வழியில்லாமல் பக்கத்து வீட்டு மாமா மதிலடிக்கு வந்தார். அப்பாவோட கொஞ்ச நேரம் கதைச்சிட்டு, போகும்போது ஒரு பெருமூச்சோட சொன்னார்: "நல்ல காலம், இந்த முறை நாங்கள் இல்லை."

ஒருத்தரும் மறுக்கேல்ல. நானும்தான். தரம் பத்துப் படிக்கிற எனக்கே அந்த வசனத்தைக் கேட்க ஒரு நிம்மதி வந்தது.

ஒவ்வொரு ஏப்ரல் 21 உம் வரும்போது முகநூலில் எங்கட ஆட்கள் எழுதுகிற அஞ்சலிகளை வாசிக்கிறேன். மெழுகுதிரிப் படம், கண்ணீர்த்துளி, சாதாரண மக்கள் இன மத பேதமின்றி ஒன்றாக நின்றார்கள் என்று ஒரு பந்தி. எனக்கு அந்தப் பந்தியோடுதான் கோபம். ஏனென்றால் எங்கட சாதாரண மக்கள் அந்த நாட்களில் என்ன கதைச்சவை, என்ன செய்தவை என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தனான். அதில் என்ர வீடும் அடக்கம்.

முதலில், அந்த மாமாவின்ர வசனத்துக்கு நியாயம் செய்யவேணும். அது வெறும் கொடூரம் இல்லை, பழைய பயம். 1996 ஜனவரி 31 கொழும்பில் மத்திய வங்கிக்குப் புலிகள் லொறியில் குண்டு கொண்டுபோய் இடித்தபோது அப்பா கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு லொட்ஜில் இருந்தவர். தொண்ணூறு பேருக்கு மேல் செத்தார்கள், 1,400 பேருக்கு மேல் காயம், கண்ணாடித் துண்டு பட்டுக் கண் போனவர்கள் ஏராளம். சத்தம் கேட்டு லொட்ஜில் எல்லாரும் ஆளையாள் பார்த்தார்களாம். ஒருத்தர் மெல்லிய குரலில் "எல்லாரும் ஐசியையும் பொலிஸ் ரிப்போட்டையும் எடுத்துப் பொக்கற்றில வையுங்கோ" என்றாராம். ஒரு நகரத்தில் குண்டு வெடித்திருக்கிறது, செத்தவை ஆர் எவர் என்று தெரியமுதல் தன்ர அடையாள அட்டையைத் தேடுகிற சனம் நாங்கள். அண்டு இரவு அப்பாவை அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று நாள். "அடி பெரிசா இல்லை" என்பார். அதுக்கு மேல் அதைப்பற்றிக் கதைக்க மாட்டார்.

2007 ஜூன் 7 ஐயும் மறக்கேலாது. விடியப்புறம் லொட்ஜுகளில் தட்டி, 376 தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லையாம். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்தது, பிரதமர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஒரு தலைநகரத்தில் இருக்கத் தமிழனுக்குக் காரணம் வேணும் என்பது எங்கட எலும்பில் ஏறிவிட்டது. அதால் 2019இல் "நாங்கள் இல்லை" என்று மூச்சுவிட்டது விளங்குது.

அதே 1996இல் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்லாட்டி இது பாதிக் கதை. 95 ஒக்டோபர் 30 இடப்பெயர்வோடு வலிகாமம் முழுக்கத் தென்மராட்சியிலயும் வடமராட்சியிலயும் கிடந்த நேரம். அம்மா அப்ப பள்ளிக்கூடப் பிள்ளை, கொடிகாமத்தில் ஒரு கொட்டிலில். கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேடியோ. அம்மா பெடலைச் சுத்த, சுத்தி நிண்ட பெரியாட்கள் பிபிசி தமிழோசை கேட்டவை. செய்தி முடிய ஒரு கிழவர் "அங்கயும் ஒருக்கா தெரியட்டும்" என்றாராம். ஆரும் அவரைப் பேசேல்ல. அதுக்கு ஆறு மாதம் முதல்தான் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் ஒதுங்கின சனத்துக்கு மேல் விமானம் குண்டு போட்டு 120 பேருக்கு மேல் செத்தவை. கொழும்பு அதுக்கு அழேல்ல. அப்ப கொழும்புக்கு ஏன் நாங்கள் அழவேணும்? இதுதான் கணக்கு. 2009 மே மாதம் கொழும்புத் தெருக்களில் பாற்சோறு கொடுத்து வெடி கொளுத்தினதும் அதே கணக்கின் மறுபக்கம்.

இந்தக் கணக்கை எழுதுபவர்கள் ஒன்றை வசதியாக மறந்துபோவார்கள். 1987 ஏப்ரல் 21, இதே திகதி, கொழும்பு மத்திய பஸ் நிலையத்தில் குண்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போக நிண்ட நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பழி புலிகள் மீதுதான் விழுந்தது. எங்கட வீட்டில் ஒருத்தருக்கும் அந்தத் திகதி தெரியாது. எனக்கும் கம்பஸுக்கு வந்து ஒரு பழைய பேப்பரைத் தட்டும்போதுதான் தெரியும். நவாலித் திகதி தெரியாத சிங்களப் பெடியனைப் பார்த்து நாங்கள் எவ்வளவு எரிச்சல்படுகிறோம்!

சரி, 2019க்கு வருவம்.

கொழும்பில் சனம் முதலில் செய்தது நல்ல காரியம். நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் வரிசை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பிக்குமார். இப்ப போதும், பிறகு வாங்கோ என்று சொல்லவேண்டிய அளவுக்குக் கூட்டம். செவ்வாய்க்கிழமை காலமை எட்டரைக்கு நாடு முழுக்க மூன்று நிமிஷம் மௌனம். குண்டுதாரிகளின் உடல்களை ஏற்கமாட்டோம் என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அஞ்சலிப் பந்திகள் எல்லாம் இங்கேயே நின்றுவிடும். மே 13 வரைக்கும் வராது.

மே 13 அன்றுதான் மினுவாங்கொடை எரிந்தது. குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, நாத்தாண்டி பக்கங்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் உடைந்தன. ஒரு மனிசனை அவரின்ர சொந்த இடத்திலயே வெட்டிக் கொன்றார்கள். உடைக்க வந்தவர்கள் செவ்வாய்க்கிரகத்திலிருந்து வரவில்லை. மூன்று கிழமைக்கு முதல் வெள்ளைக் கொடி கட்டின ஊர்ச்சனம்தான். சாதாரண சனம் என்றால் நல்ல சனம் என்று ஆர் எழுதி வைத்தது? லண்டனில் 2005 ஜூலை 7 குண்டுகளில் 52 பேர் செத்தபோது நகரத்தின் நெஞ்சுரத்தை உலகமே புகழ்ந்தது. இரண்டு கிழமை கழித்து ஸ்ரொக்வெல் நிலையத்தில் ஒரு குற்றமும் செய்யாத பிரேசில்காரப் பெடியனைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது. ஆள்மாறாட்டமாம். லொட்ஜில் கிடந்த எந்தத் தமிழனைக் கேட்டாலும் அந்தப் பெடியனின்ர கதையை ஒரு விளக்கமும் இல்லாமல் விளங்கிக்கொள்ளுவான்.

இப்ப எங்கட பக்கம்.

வட்ஸ்அப் திரும்ப வந்தவுடனே எங்கட குடும்பக் குழுவுக்கு வந்த முதல் செய்திகளில் ஒன்று: முஸ்லிம் கடையில் சாப்பிட வேண்டாம், பிள்ளை பிறக்காமல் பண்ணுகிற குளிசை போடுறாங்கள். இந்தக் குளிசைக் கதை எங்கட கற்பனைகூட இல்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையை அடித்து நொருக்கச் சிங்கள இனவாதிகள் பாவித்த கதை. பரிசோதித்துப் பார்த்ததில் அது மாக்கட்டி. அந்தப் பொய்யை நல்ல தமிழில், எழுத்துப்பிழை இல்லாமல் மொழிபெயர்த்து எங்களுக்கு அனுப்பினவர் ஒரு தமிழர். சிங்களம் எங்களில் திணிக்கப்படுகிறது என்று மேடையில் முழங்கிற நாங்கள் இதை மட்டும் கேளாமலே வாங்கிக்கொண்டோம்.

எல்லாம் குண்டால் வந்த பயம் என்று சமாளிக்கேலாது. குண்டு வெடிக்க ஒரு வருஷம் முதல், 2018 ஏப்ரலில், திருகோணமலையில் ஒரு இந்துப் பெண்கள் பாடசாலையில் ஆசிரியைகள் அபாயா போட்டு வந்ததுக்கு வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தது. "தொப்பி பிரட்டி" என்ற வசவு எங்கட வாய்களில் அதுக்கும் எத்தனையோ வருஷம் முந்தியே இருந்தது. குண்டு அதைச் சொல்ல ஒரு லைசன்ஸ் கொடுத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு சம்பவம் நடந்து முடிந்து எல்லாருக்கும் மறந்தும் போச்சு. நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளைக் குண்டுக்குப் பிறகு ஊர்ச்சனம் கலைத்தது. அதில் கன பேர் அஹ்மதியர்கள், சொந்த நாட்டில் மதத் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். அவர்களில் ஒரு சின்னத் தொகுதியை மே நடுப்பகுதியில் வவுனியா பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். உடனே இங்கே வேண்டாம் என்று எங்கட ஆட்களிடமிருந்து எதிர்ப்பு. எந்த இடம் என்று பாருங்கோ! பூந்தோட்டம். 90களில் ஓடி வந்த தமிழ்ச்சனம் வருஷக்கணக்காக அகதிமுகாமில் கிடந்த அதே பூந்தோட்டம். அந்த முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்ப என்ர வயது அல்லது கொஞ்சம் கூட. அகதி என்ற சொல்லை எங்களை விட்டால் ஆருக்குத் தெரியும் என்று மார்தட்டுகிற இனம், முப்பதுசொச்சம் அகதிகளைக் கண்டு அந்தரப்பட்டது.

1990 ஐச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை எழுதேலாது. அந்த வருஷம் ஒக்டோபர் 30, சோனகதெருச் சனத்தை ஒஸ்மானியா கல்லூரிப் பக்கம் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னார்கள் புலிகள். நகையைக் கழற்றி வாங்கினார்கள். வடக்கு முழுக்க 75,000 பேரளவில் போனார்கள். கன பேர் இன்னும் புத்தளத்தில். திரும்பி வந்த கொஞ்சப் பேர் ஓடு இல்லாத வீட்டைத் திருத்தி, கடையைத் திறந்து, பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் 2019 வந்தது. ஒருக்காக் கலைத்த சனத்தைத் திரும்பவும் சந்தேகமாகப் பார்க்க எங்களுக்கு என்ன உரிமை இருந்தது?

இதைக் கதைச்சால் வருகிற பதில்கள் எனக்குப் பாடம். "அவை எங்களைக் காட்டிக்குடுத்தவை." "முள்ளிவாய்க்காலில நாங்கள் சாகேக்க அவை எங்க போனவை?" போன கிழமையும் ஒரு நண்பன் கன்ரீனில் கேட்டான். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் செய்த கொலைகள் உண்மை. 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நிண்ட நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டதும் உண்மை. புலிகள் மறுத்தார்கள், அது மறுக்கேலாத விசயம். ஆனால் 2019இல் சோனகதெருவில் துணி விற்ற மனிசன் இதில் எதுக்குப் பொறுப்பு?

"அவைக்குத் தெரியாமலா நடந்தது" என்று கேட்பவர்களுக்கு: சஹ்ரானோட முதலில் மோதினது காத்தான்குடி முஸ்லிம்கள். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சூபிகளோட நடந்த மோதலுக்குப் பிறகுதான் அவன் தலைமறைவானது. அவனைப் பற்றி முறைப்பாடு கொடுத்தவர்களும் அவர்களே. ஏப்ரல் 26 சாய்ந்தமருதில் புதிதாக வந்த ஆட்களில் ஐமிச்சப்பட்டுத் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம் சனம். தெரிந்தும் செய்யாமல் இருந்தது ஆர் என்பதை உயர் நீதிமன்றமே 2023 ஜனவரி 12 சொல்லிவிட்டது. இந்தியாவிலிருந்து எச்சரிக்கை ஏப்ரல் முதல் வாரமே வந்தது. ஏப்ரல் 11 திகதியிட்ட பொலிஸ் கடிதத்தில் சஹ்ரானின் பெயரே இருந்தது. மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபா கட்டவேணும் என்றது தீர்ப்பு. பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராக இருந்தவரும் ஏழரைக் கோடி வீதம்.

இதுக்குப் பின்னால் பெரிய கை இருந்தது என்று 2023 செப்ரெம்பரில் சனல் 4 காட்டியதும் எங்கட பெடியள் சிலர் "பாத்தியளே, எல்லாம் அரசாங்கத்தின்ர வேலை" என்று துள்ளினார்கள். அந்தக் குற்றச்சாட்டை விசாரிக்கத்தான் வேணும். ஆனால் அது நிரூபணமானாலும் எங்கட குடும்பக் குழுவில் வந்த குளிசைச் செய்தி அழிந்துபோகாது. அதை அனுப்பினது அரசாங்கம் இல்லை, எங்கட பெரியப்பா.

"இந்த முறை நாங்கள் இல்லை" எத்தனை நாள் நிண்டது தெரியுமா? பன்னிரண்டு நாள். மே 3 அன்று இராணுவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள் தேட வந்தது. ஐஎஸ் ஆட்களைத் தேடவென்று போட்ட அவசரகாலச் சட்டம் கண்டுபிடித்தது மாணவர் ஒன்றியத்தில் பிரபாகரன் படத்தை, கன்ரீனில் திலீபன் படத்தை. ஒன்றியத் தலைவர், செயலாளர், கன்ரீன் நடத்தினவர், மூன்று பேரும் உள்ளே. பயங்கரவாதத் தடைச்சட்டம். அதே சட்டத்தில் அடுத்த வருஷம் மே மாதம் அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளம் தமிழ் ஆசிரியரைப் பிடித்தார்கள். குற்றம் அவர் தமிழில் எழுதின 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்பு. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் தமிழ்க் கவிதையில் தீவிரவாதம் கண்டார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். தமிழுக்காக உயிரைக் கொடுப்போம் என்கிற எங்கட பக்கம், குரல் கொடுத்த சிலரை விட்டால், ஒரு தமிழ்க் கவிஞனுக்காக எழுந்த சத்தம் மிகக் குறைவு. அவரின்ர பெயர் காரணமில்லை என்று சொல்லுங்கோ பார்ப்பம்.

கடைசியாக என்ர வகுப்பு. மே 6 பள்ளிக்கூடம் திறந்தபோது வாசலில் பெற்றோர் நிண்டு பை சோதித்தார்கள். எங்கட வகுப்பில் ஒரேயொரு முஸ்லிம் பிள்ளை. குடும்பம் புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து நாலைந்து வருஷம். எங்கட பைகளை ஒருக்காத் திறந்து பார்த்து விட்டார்கள். அவளின்ரதை வாசலில் ஒருக்கா, படிக்கட்டடியில் திரும்ப ஒருக்கா. இரண்டாவது முறை சாப்பாட்டுப் பெட்டியையும் திறந்து மணந்து பார்த்தார்கள். இடியப்பமும் சொதியும். நான் அவளுக்குப் பின்னால்தான் நிண்டனான். ஒன்றும் சொல்லேல்ல. அந்த வருஷம் முடிய அவள் புத்தளத்துக்கே போய்விட்டாள்.

படிக்கட்டடியில் நிண்டு பெட்டியைத் திறந்தது எங்கட அம்மா. இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கமுதல் அம்மாவிடம் கேட்டேன், ஏன் அவளின்ரதை மட்டும் இரண்டு தரம் பார்த்தனீங்கள் என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டு, தலை நிமிராமல், "எல்லாரும் பாத்தவை, நானும் பாத்தன்" என்றா. பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா, "96இல என்ர பையக் கொட்டினவனும் வீட்ட போய் மனிசிக்கு உதைத்தான் சொல்லியிருப்பான்" என்றார்.

அம்மா இரண்டு நாள் அப்பாவோட கதைக்கேல்ல.